வண்டி ஓட்டாதவர்களுக்கு எந்த அடையாள அட்டை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மாவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஒருமுறை பேங்கில் படிவத்தைப் பார்த்துக்கொண்டே அங்கிருந்த பையன், "லைசென்ஸ் இருக்காம்மா?" என்று கேட்டதை இன்றுவரை வீட்டில் சொல்லிச் சிரிக்கிறார். அன்று அம்மாவுக்காகப் படிவங்களைப் படிக்கத் தொடங்கியவன் நான். இப்போது தெருவில் யாருக்கு என்ன அட்டை எடுக்க வேண்டுமானாலும் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். வருபவர்கள் பெரும்பாலும் வண்டி ஓட்டாத பெண்கள், வயதானவர்கள், கண் பார்வை குறைந்தவர்கள், காலேஜில் சேரும் பிள்ளைகள். அவர்கள் கேட்பதையும் நான் சொல்வதையும் தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து இங்கே எழுதியிருக்கிறேன்.

லைசென்ஸ் இல்லை. அதற்கு ஈடாக எதைக் காட்டலாம்?

ஓட்டுநர் உரிமம் கேட்கும் இடத்தில் அது மட்டும்தான் வேண்டும் என்று எவரும் சொல்வதில்லை, வண்டியை நிறுத்தும் டிராஃபிக் போலீஸைத் தவிர. மற்ற இடங்களில் அது பட்டியலில் உள்ள பல பெயர்களில் ஒன்றுதான். பேங்கில் கணக்குத் தொடங்க ரிசர்வ் வங்கி ஏற்கும் ஆவணங்கள் ஆறு: பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆதார், வாக்காளர் அடையாள அட்டை, மாநில அரசு அதிகாரி கையெழுத்திட்ட நூறு நாள் வேலை அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டிலிருந்து வரும் பெயரும் முகவரியும் உள்ள கடிதம். இதில் ஒன்று கழிந்தாலும் மிச்சம் ஐந்து இருக்கிறது.

அமெரிக்காவில் வண்டி ஓட்டாதவர்களுக்கென்றே லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்திலேயே தனி அடையாள அட்டை தருகிறார்கள். அங்கே மகன் வீட்டில் இருந்துவிட்டு வந்த ஒரு மாமா, நம் ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் அப்படி ஒன்று கிடைக்கும் என்று நம்பிக்கொண்டு போய் நின்றார். இங்கே அப்படிக் கிடையாது. நமக்குத் தேவையும் இல்லை.

அடையாளத்துக்காக மட்டும் ஒரு லைசென்ஸ் எடுத்து வைத்தால் என்ன?

வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஆசை இருந்தால் தாராளமாக எடுங்கள். அடையாளத்துக்காக என்றால் வேண்டாம். முதலில் வரும் எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் உரிமம், ஆறு மாதத்துக்குத்தான் செல்லும், அதை அடையாள அட்டையாக நீட்டவும் முடியாது. அதற்குப் பிறகு ஓட்டிக் காட்டி டெஸ்டில் தேற வேண்டும். "ஓட்டாமலேயே வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் வந்தால் அவர் உங்களுக்கு விற்பது அடையாளமல்ல, வம்பு. வாக்காளர் அட்டை ஒரு பைசா செலவில்லாமல் வீடு தேடி வருகிறது. அதை விட்டுவிட்டு எட்டுப் போட்டுப் பழகுவானேன்?

கையில் எந்த அட்டையும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

இப்படிக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலும் மூத்த பெண்கள். வீட்டில் எல்லாமே கணவர் பெயரில், பிறகு மகன் பெயரில் இருந்திருக்கும். ரேஷன் கார்டில் மட்டும் பெயர் இருக்கும்.

ஆதாருக்குச் சான்று கேட்கிறார்கள், சான்று எடுக்கப் போனால் ஆதார் கேட்கிறார்கள் என்பதுதான் இவர்களுடைய முதல் புலம்பல். இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர ஆதார் பதிவு விதிகளிலேயே வழி இருக்கிறது. அதற்குக் குடும்பத் தலைவர் வழிப் பதிவு என்று பெயர். வீட்டில் ஏற்கெனவே ஆதார் வைத்திருக்கும் கணவரோ மகனோ மகளோ கூட வந்து, உறவைக் காட்டும் ஒரு காகிதத்தைக் கொடுத்து, தானும் கைரேகை வைத்தால் போதும். ரேஷன் கார்டு இங்கேதான் கைகொடுக்கும். அதில் இருவர் பெயரும் இருக்கிறதல்லவா?

பதிவு செய்வது தாலுகா அலுவலகத்தில் உள்ள நிரந்தர ஆதார் மையத்திலும், சில அஞ்சலகங்களிலும் பேங்க் கிளைகளிலும். புதுப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. போட்டோ அங்கேயே எடுப்பார்கள், ஸ்டூடியோவுக்குப் போய்க் காசைக் கரைக்க வேண்டாம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 18 வயது தாண்டியவர் முதல்முறையாகப் பதிவு செய்தால், மாநில அரசு தனியாகச் சரிபார்த்த பிறகே எண் வரும். அதற்கு 180 நாள் வரை ஆகலாம். பதிவுச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், வாரா வாரம் மையத்துக்கு அலையாதீர்கள். நிலவரம் கேட்க 1947 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம்.

ஆதார் வந்ததும் வாக்காளர் பட்டியல், அதன் பிறகு தேவைப்பட்டால் பான், கடைசியில் பாஸ்போர்ட். நான் எல்லோருக்கும் சொல்வது இந்த வரிசையைத்தான்.

ஆதார் ஒன்று இருந்தால் போதாதா? இன்னொன்று எதற்கு?

போதும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். மொபைலில் ஓ.டி.பி. வராத ஒரு நாளில்தான் போதாது என்று தெரியும். ஆதார் எண் குடியுரிமைக்குச் சான்று அல்ல என்று 2016-ஆம் வருட ஆதார் சட்டமே சொல்கிறது. வெளிநாட்டவரும் முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 182 நாள் இங்கே தங்கியிருந்தால் எடுக்கலாம். பிறந்த தேதிக்கும் அதைத் தனிச் சான்றாக எல்லா இடத்திலும் ஏற்பதில்லை. வருங்கால வைப்பு நிதி அலுவலகங்கள் 2024 ஜனவரியில் நிறுத்திவிட்டன.

அதனால் இரண்டு அட்டை வேண்டும் என்பது என் கட்சி. ஒன்றில் பிழை இருந்தால் மற்றதைக் காட்டித்தான் திருத்த முடியும். ஒற்றை அட்டையோடு இருப்பவருக்கு அந்த அட்டையில் ஒரு எழுத்து தவறினாலும் காட்ட வேறு காகிதம் இருக்காது.

கைரேகை விழவே மாட்டேன் என்கிறது. ஆதார் கிடைக்குமா?

கிடைக்கும். வயல் வேலை, கட்டட வேலை, பாத்திரம் தேய்க்கும் வேலை பார்த்த கைகளில் ரேகை தேய்ந்திருப்பது சாதாரணம். கருவிழிப் பதிவை வைத்து எண் தருவார்கள். விரலே இல்லாதவர்களுக்கும் விதிவிலக்குப் பதிவு இருக்கிறது. "ரேகை இல்லை, போய்விட்டு வா" என்று திருப்பி அனுப்பினால், விதிவிலக்குப் பதிவு போடச் சொல்லி அந்தச் சொல்லாலேயே கேளுங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பதிவு செய்யும் சேவையும் உண்டு. அதற்குத் தனிக் கட்டணம்.

வாக்காளர் அடையாள அட்டை எடுப்பது எப்படி?

படிவம் 6. இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்தால் போதும். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்திலோ செயலியிலோ நிரப்பலாம். அல்லது உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம், அதாவது பி.எல்.ஓ.விடம், காகிதமாகவே கொடுக்கலாம். அவர் பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளராகவோ பக்கத்துப் பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். யார் என்று தெரியாவிட்டால் 1950-க்குப் போன் செய்யுங்கள்.

போட்டோ, வயதுச் சான்று, முகவரிச் சான்று, இவ்வளவுதான். படிவத்தில் குடும்பத்தில் ஒருவருடைய வாக்காளர் அட்டை எண்ணைக் கேட்கும் இடம் இருக்கிறது. அதை நிரப்பினால் உங்களையும் அதே வாக்குச்சாவடியில் சேர்ப்பது எளிது. நிறையப் பேர் வெறுமையாக விட்டுவிட்டு, வீட்டில் நாலு பேருக்கு மூன்று பூத் என்று அலைகிறார்கள்.

வயதுக் கணக்கு 2022-இல் மாறிவிட்டது. முன்பு ஜனவரி 1 ஒரு தேதிதான். இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று வருடத்துக்கு நான்கு. 17 வயது முடிந்ததுமே விண்ணப்பத்தைப் போட்டு வைக்கலாம், 18 நிறையும் காலாண்டில் பெயர் சேரும். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு லைசென்ஸுக்கு முன்னால் வர வேண்டிய அட்டை இதுதான் என்பேன். வீட்டில் பைக் சாவிக்கு நடக்கும் சண்டையும் கொஞ்சம் தள்ளிப்போகும்.

அட்டை தபாலில் வரும், இலவசம். மொபைல் எண் இணைத்திருந்தால் மின் அட்டையாகவும் இறக்கிக்கொள்ளலாம். 2021 ஜனவரி 25-இலிருந்து இந்த வசதி இருக்கிறது.

அட்டை பீரோவில் இருக்கிறது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது வீடு மாறியவர்கள், கணக்கெடுப்புப் படிவம் திருப்பித் தராதவர்கள் எனப் பலருடைய பெயர் வரைவுப் பட்டியலில் இல்லாமல் போனது. எங்கள் தெருவிலேயே சிலர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி படிவம் 6 எழுதினார்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள்.

வாடகை வீடு. முகவரிச் சான்றே இல்லை. என்ன செய்வது?

வீட்டு ஓனர் ஒப்பந்தம் எழுதித் தர யோசிப்பார், கரண்ட் பில் அவர் பெயரில் வரும். ஊரெங்கும் இதே கதைதான். கேஸ் இணைப்பு உங்கள் பெயரிலோ கணவர் பெயரிலோ இருந்தால் அந்த ரசீதைப் பாருங்கள், மூன்று மாதத்துக்குள் உள்ளதாக இருக்க வேண்டும். ஆதாரில் முகவரி மாற்ற, மேலே சொன்ன குடும்பத் தலைவர் வழி இங்கேயும் உண்டு. ஏற்கெனவே அந்த முகவரிக்கு மாறிவிட்ட கணவரோ மகனோ இணையத்தில் ஒப்புதல் கொடுத்தால் உங்களுக்கும் மாறிவிடும். ஒப்புதல் தர அவருக்கு 30 நாள் அவகாசம்.

வீடே இல்லாதவர்களுக்கு?

வாக்காளர் பட்டியலில் சேர வீடு தேவையில்லை. படிவம் 6-இல் தாங்கள் படுத்துறங்கும் இடத்தை எழுத வேண்டும், அது மேம்பாலத்தின் அடியாகவும் இருக்கலாம். பி.எல்.ஓ. இரவில் வந்து, அவர் உண்மையிலேயே அங்கே உறங்குகிறாரா என்று ஒரு நாளுக்கு மேல் பார்ப்பார். இருந்தால் போதும், முகவரிக்கு வேறு காகிதம் கேட்கக் கூடாது. தேர்தல் ஆணையத்தின் நடைமுறையிலேயே எழுதியிருக்கிறது. இதைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் குறைவு, அதனால்தான் தனிக் கேள்வியாகவே போட்டேன்.

பான் கார்டை அடையாள அட்டையாகக் காட்டலாமா?

போட்டோ, பெயர், பிறந்த தேதி இருக்கிறது, முகவரி இல்லை. ரயிலில் காட்டலாம், ஓட்டுப் போடக் காட்டலாம். பேங்கில் கேட்பார்கள், ஆனால் வரிக்காகக் கேட்பார்கள். மேலே சொன்ன ஆறில் பான் இல்லை என்பதைக் கவனியுங்கள். சம்பாதிக்காதவரும் எடுக்கலாம். ஆதாரில் மொபைல் எண் இருந்தால் வருமான வரித் துறை இணையதளத்தில் சில நிமிடத்தில் மின்-பான் இலவசமாகக் கிடைக்கிறது. அச்சிட்ட அட்டையோடு விண்ணப்பித்தால் 107 ரூபாய். இலவசமாகக் கிடைப்பதற்கு ஐந்நூறு வாங்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ரேஷன் கார்டு?

2017-இல் வந்த ஸ்மார்ட் அட்டையில் இருப்பது குடும்பத் தலைவரின் போட்டோ மட்டும். மற்றவர்களுக்கு அது உறவைக் காட்டும் காகிதம். போட்டோ அடையாளமாக நம்பி ரயில் ஏறாதீர்கள்.

ஆதாரில் ஒரு பெயர், பானில் ஒரு பெயர், வாக்காளர் அட்டையில் ஒரு பெயர். எது சரி?

திண்ணையில் அதிக நேரம் தின்னும் கேள்வி இது. அட்டை கிடைக்காததால் அவதிப்படுபவர்களைவிட, கிடைத்த அட்டைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் அவதிப்படுபவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். அட்டைக்கு அலைவதற்கு முன்னால் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் பெயர் அமைப்பு அப்படி. குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்கில்லை, இனிஷியல்தான். ஸ்கூலில் 'ச. கீதா' என்று எழுதினோம். வாக்காளர் அட்டையில் 'கீதா', அதன்கீழே தந்தை பெயர். கல்யாணத்துக்குப் பிறகு பேங்க் புத்தகத்தில் கணவரின் இனிஷியல் ஒட்டிக்கொண்டது. பான் விண்ணப்பத்தில் இனிஷியல் போடக் கூடாது, விரித்து எழுத வேண்டும் என்பதால் அப்பா பெயர் சண்முகம் முழுதாக வந்து உட்கார்ந்தது. இப்போது ஒரே பெண் நான்கு காகிதத்தில் நான்கு பேராக நிற்கிறார். இதோடு ஆங்கில எழுத்துக் கூட்டலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கீதாவில் ஒரு இடத்தில் 'டி'க்குப் பின்னால் 'எச்' இருக்கும், இன்னொரு இடத்தில் இருக்காது. பானையும் ஆதாரையும் இணைக்கும்போது கணினி அந்த ஒரு எச்சில் நின்றுவிடும்.

நான் சொல்லும் வழி இது. உங்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தால் அதில் உள்ள ஆங்கில எழுத்துக் கூட்டலை மூலமாக எடுத்துக்கொள்ளுங்கள். இனிஷியலை அப்பா பெயராக விரித்து, 'கீதா சண்முகம்' என்று ஒரு வடிவத்தை முடிவு செய்யுங்கள். முதலில் ஆதாரை அந்த வடிவத்துக்கு மாற்றுங்கள், பிறகு மற்றவை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், அதனால் யோசித்துச் செய்யுங்கள். பிறந்த தேதிக்கு ஒரே ஒரு முறை.

சான்றிதழே இல்லாதவர்கள்? எந்த அட்டையில் உள்ள பெயரில் பணம் வருகிறதோ, அதாவது பென்ஷனோ உரிமைத் தொகையோ வரும் பேங்க் கணக்கில் உள்ள பெயர், அதைத் தொடாதீர்கள். மற்றவற்றை அதற்கு ஒத்துவரச் செய்யுங்கள்.

பெயரையே முழுக்க மாற்ற நினைத்தால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டும். ஒரு எழுத்துப் பிழைக்கெல்லாம் அரசிதழ் வேண்டியதில்லை.

கல்யாணமானால் பெயரைக் கணவர் பெயரோடு மாற்றியே ஆக வேண்டுமா?

இல்லவே இல்லை. எந்தச் சட்டமும் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டுக்குத் திருமணச் சான்று கட்டாயம் என்பதையே 2016 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். அப்பா பெயரோடு இருக்கும் அட்டைகள் ஒழுங்காக ஒத்துப்போனால் அப்படியே விட்டுவிடுங்கள் என்பது என் எண்ணம். மாமியார் எண்ணம் வேறாக இருக்கலாம், அதற்குப் படிவம் கிடையாது.

பிறந்த தேதி தெரியாது. "பெரிய புயலுக்கு அடுத்த ஐப்பசி" என்றுதான் அம்மா சொல்லுவார்.

வீட்டில் பிறந்த தலைமுறைக்கு இது சகஜம். ஸ்கூலில் சேர்த்த வாத்தியார் ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார், ஸ்கூலுக்கே போகாதவருக்கு அதுவும் இல்லை. ஆதாரில் பிறந்த வருடம் மட்டும் போட்டுப் பதிவு செய்ய முடியும். பிற்பாடு சான்று கிடைத்தால் தேதியைச் சேர்க்கலாம். பிறப்பைப் பதிவு செய்யாமல் ஒரு வருடம் கடந்திருந்தால் கோட்டாட்சியர் உத்தரவோடுதான் பதிவு செய்ய முடியும், நாளாகும். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்கு, பாஸ்போர்ட்டில் பிறப்புச் சான்றிதழ் ஒன்றையே ஏற்பார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அதை இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

வெளிநாடு போகும் எண்ணம் இல்லை. பாஸ்போர்ட் எடுப்பது வீண் செலவா?

36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1500 ரூபாய், பத்து வருடம் செல்லும். வருடத்துக்கு 150 ரூபாய். 60 வயதுக்கு மேல் புதிதாக எடுப்பவர்களுக்குப் பத்து சதவீதம் குறைவு. போட்டோவுக்குத் தனிச் செலவில்லை, சேவை மையத்திலேயே எடுப்பார்கள். சென்னை, மதுரை, திருச்சி, கோவை மண்டல அலுவலகங்களின் கீழ் சேவை மையங்களும், பல ஊர்களில் தலைமை அஞ்சலகத்திலேயே மையமும் இருக்கின்றன. இணையத்தில் விண்ணப்பித்து நாள் குறித்துக்கொண்டு போக வேண்டும்.

என் அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்தேன். எங்கேயும் போகவில்லை. ஆனால் ஒரு இடத்தில் கைரேகை மெஷின் மக்கர் பண்ணியபோது பாஸ்போர்ட்டை நீட்டினார், எதிரே இருந்தவர் மறுபேச்சுப் பேசவில்லை. அவ்வளவு மரியாதை அந்தப் புத்தகத்துக்கு. கையில் பணம் இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் ஆதாரும் வாக்காளர் அட்டையும் போதும்.

விண்ணப்பத்தில் இனிஷியல் ஆகாது, விரித்துத்தான் எழுத வேண்டும். பிறந்த தேதிக்குப் பள்ளிச் சான்று, பான், வாக்காளர் அட்டை ஆகியவற்றில் ஒன்று இருந்தால் சரி. அந்தப் பட்டியலிலும் லைசென்ஸ் இருக்கிறது, நமக்கு அது மட்டும் இல்லை, அவ்வளவுதான். போலீஸ் சரிபார்ப்புக்கு வரும்போது வீட்டில் இருங்கள். அதற்கென்று தனிக் கட்டணம் எதுவும் இல்லை.

ரயிலிலும் விமானத்திலும் எதைக் காட்டுவது?

ரயிலில் ஒரே டிக்கெட்டில் போகும் குடும்பத்தில் ஒருவர் அசல் அட்டையைக் காட்டினால் போதும். வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட், பான், ஆதார், போட்டோ ஒட்டிய தேசியமய வங்கி பாஸ்புக், அங்கீகாரம் பெற்ற பள்ளி, கல்லூரியின் மாணவர் அட்டை எல்லாம் செல்லும். ஜெராக்ஸ் செல்லாது. டி.டி.ஆர். ஜெராக்ஸைத் திருப்பித் தந்த பிறகு பெட்டியைக் கவிழ்த்துத் தேடுபவர்களைப் பார்த்தாலே எனக்குப் பதறும்.

உள்நாட்டு விமானத்தில் ஒவ்வொரு பெரியவருக்கும் தனி அட்டை வேண்டும், டிக்கெட்டில் உள்ள பெயர்தான் அட்டையிலும் இருக்க வேண்டும். பெற்றோரோடு போகும் சிறு பிள்ளைகளிடம் கேட்பதில்லை.

பேங்கில் கணக்கு வேண்டும், ஒரு ஆவணமும் இல்லை. முடியாதா?

முடியும். சிறு கணக்கு என்று ஒன்று உண்டு. போட்டோவில் நீங்களே சான்றொப்பமிட்டு, பேங்க் அதிகாரி முன்னால் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வைத்தால் தொடங்கித் தர வேண்டும். இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, வருடத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வரவு இருக்கக் கூடாது, மாதத்தில் 10,000-க்கு மேல் எடுக்க முடியாது. பன்னிரண்டு மாதம் செல்லும். அதற்குள் அட்டைக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னொரு பன்னிரண்டு மாதம் கிடைக்கும். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். மேலாளரிடம் 'சிறு கணக்கு' என்றே கேளுங்கள்.

லாட்ஜில் ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

வேறு அட்டை இருந்தால் அதைக் கொடுங்கள், ஆதாரே வேண்டும் என்று அவர்கள் கட்டாயப்படுத்த முடியாது. கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் மறைத்த ஆதார் இருக்கிறது. பன்னிரண்டு இலக்கத்தில் கடைசி நான்கு மட்டும் தெரியும், மற்றது மறைந்திருக்கும். இணையதளத்தில் இறக்கும்போதே அந்தத் தேர்வு வரும். இறக்கிய கோப்பைத் திறக்க உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த வருடமும்தான் கடவுச்சொல்.

அட்டையை எடுத்துப்போகாமல் மொபைலில் காட்டலாமா?

டிஜிலாக்கர் என்ற அரசுச் செயலியில் இறக்கிய ஆதாரை ரயில்வே ஏற்கிறது. வாட்ஸாப்பில் யாரோ அனுப்பிய போட்டோவை ஏற்காது. இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றல்ல. இதெல்லாம் ஆதாரில் சரியான மொபைல் எண் இருந்தால்தான் நடக்கும். எண்ணை மாற்ற மையத்தில் கைரேகை வைத்தால் போதும், ஆவணம் கேட்பதில்லை. வெளியே போக முடியாதவர்களுக்குத் தபால்காரரே வீட்டுக்கு வந்து மாற்றித் தருவார். 2021-இல் அஞ்சல் துறை தொடங்கிய சேவை அது. பேரனின் எண்ணைக் கொடுக்கும் பாட்டிமார்களே, பேரன் பெங்களூரில் மீட்டிங்கில் இருக்கும்போது ஓ.டி.பி. வந்தால் என்ன செய்வீர்கள்? உங்கள் கையில் உள்ள பட்டன் போன் எண்ணையே கொடுங்கள்.

பார்வையில்லாதவர்கள், மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி அட்டை உண்டா?

உண்டு. மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்தால் தேசிய அளவிலான தனித்துவ அடையாள அட்டை வரும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். சலுகைக்கான அட்டை என்றே பலர் நினைக்கிறார்கள். போட்டோ அடையாளமாக ஓட்டுச்சாவடியிலும் விமான நிலையத்திலும் அது செல்லும். லைசென்ஸ் எடுக்கவே வழியில்லாத ஒருவருக்கு இது நல்ல இரண்டாவது அட்டை.

அட்டை தொலைந்துவிட்டது.

வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8. வீடு மாறியதற்கும் பிழை திருத்தத்துக்கும் அதே படிவம்தான். ஆதாரில் எண் தெரிந்தால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம், தெரியாவிட்டால் மையத்தில் கைரேகை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பாஸ்போர்ட் தொலைந்தால் மட்டும் முதலில் போலீஸில் புகார் கொடுத்தாக வேண்டும்.

புரோக்கருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

படிவம் நிரப்பத் தெரியாதவர் நிரப்பித் தருபவருக்கு ஐம்பது, நூறு கொடுப்பதில் தப்பில்லை, அது அவர் உழைப்பு. ஆனால் அரசுக் கட்டணம் என்று சொல்லி வாங்கினால் கணக்குக் கேளுங்கள். புது ஆதார் இலவசம். 2025 அக்டோபர் 1 முதல் ஆதாரில் பெயர், முகவரி, மொபைல் எண் மாற்ற 75 ரூபாய், கைரேகையும் போட்டோவும் புதுப்பிக்க 125. வாக்காளர் அட்டை இலவசம், மின்-பான் இலவசம். அசல் அட்டைகளை எவர் கடையிலும் ராத்தங்க விட்டுவிட்டு வராதீர்கள்.